அம்மா பெயர் எழுதிய கவர்

பத்து வயதில் நான் ஒரு பாவியை மனந்திரும்ப வைத்தேன். அதற்குப் பரிசாக எனக்கு ஒரு டிபன் பாக்ஸும் கிடைத்தது. நீல மூடி, மூடியின் மேல் ஓர் ஆட்டுக்குட்டி படம். அந்தப் பாவி வேறு யாருமில்லை, என்னைப் பெற்ற நைனாதான்.

எங்கள் சபை திருவொற்றியூரில் ஓர் இரும்புக் கடையின் மாடியில் இருந்தது. கீழே கம்பியும் தகடும், மேலே அல்லேலூயா. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்றாலும் சில வாரம் லோடு வந்துவிடும். பிரசங்கத்தின் நடுவே கம்பிக் கட்டு சரிந்து விழுந்தால் பாஸ்டர் ஒரு நிமிடம் நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பழகிப்போன ஜனம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்காது. மொத்தம் எண்பது பேர் இருப்போம். ஆண்கள் இடது பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், பெண்களும் பிள்ளைகளும் வலது பக்கம் பாயில். சபை கூடுவதற்கு முன்னால் அந்த நாற்காலிகளை எல்லாம் இறக்கித் துடைத்து வரிசை போடுவது நைனாவின் ஊழியம். மேடையேறிப் பேசவோ பாடவோ அவருக்கு வராது. நாற்காலி போடத் தெரியும், போட்டார்.

அவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடையில் வேலை பார்த்தார். லாரி வந்து மேடைமேல் நிற்கும். நைனா கூண்டுக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்து ரோஸ் நிறச் சீட்டில் அடித்துக் கொடுப்பார். காலி வண்டிக்கு ஒரு சீட்டு, லோடு ஏற்றிய பின் ஒரு சீட்டு. ஐம்பது கிலோ கூட்டிப் போடச் சொல்லி டீக்கடைக்கு அழைத்துப் போகிறவர்கள் உண்டு. நைனா டீயைக் குடித்துவிட்டுச் சரியான எடையைப் போடுவார் என்று மார்க்கெட்டில் அவரைக் கேலி செய்வார்கள். ஒரு டீ நஷ்டம் என்று தெரிந்தும் அவரை அழைத்துக்கொண்டே இருந்தார்கள், பாவம்.

அம்மா நர்ஸ். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு ஜனவரி மாதம் குவைத்துக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். அந்த வேலைக்காக அவள் நாற்பது நாள் உபவாசம் இருந்து ஜெபித்திருந்தாள். கிடைத்தால் முதல் சம்பளம் முழுவதும் கர்த்தருக்கு, அதன் பிறகு மாதாமாதம் பத்தில் ஒரு பங்கு என்று பொருத்தனை. சபையில் இதற்கென்றே தசமபாகக் கவர் கொடுப்பார்கள். மேலே ஒரு வசனம், கீழே பெயர், மாதம், தொகை என்று மூன்று கோடு. ஒரு கட்டில் பன்னிரண்டு கவர். அம்மா மூன்று கட்டு வாங்கி வந்து, கிளம்புவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து முப்பத்தாறு கவரிலும் தன் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். மாதத்தையும் தொகையையும் நைனா எழுதிக்கொள்ள வேண்டும். அம்மாவின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு மூன்று வருடக் கவர் எதற்கு என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என்னிடம் அவள் சொன்னது இதுதான். "ரெண்டாவது கிறிஸ்மஸுக்கு அம்மா வூட்ல கீறேன். அதுவரைக்கும் மாசாமாசம் என் கவரை நீதான் கொண்டும்போய்ப் பொட்டியில போடணும். மறந்துடாத."

நான் மறக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு தசமபாகம். கீபோர்டு வாசிக்க, எல்லோரும் வரிசையாக முன்னால் போய் மரப்பெட்டியில் கவரைப் போட்டுவிட்டு வருவார்கள். பிள்ளைகளில் நான் ஒருத்திதான் அந்த வரிசையில் நிற்பேன். குவைத் சிஸ்டர் மகள் என்று பாயில் இருக்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நான் நடக்கிற நடையைப் பார்த்தால் காணிக்கை கொடுக்க வந்தவள் மாதிரி இராது, பரிசுக் கோப்பை வாங்க வந்தவள் மாதிரி இருக்கும்.

மற்ற நாட்களில் எனக்கு ஒன்றும் இல்லை. இதை இப்படித்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். கழுத்தில் கயிறு கட்டிய சாவி. கதவைத் திறந்தால் காலையில் வைத்துவிட்டுப் போன சோறும் மூடிய ஜன்னலும் இருக்கும். நைனா வர எட்டு மணி ஆகும். இரண்டாவது வருடம் அவர் இன்னொரு ஷிப்டும் பார்க்க ஆரம்பித்ததால் அது பத்து மணியானது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வண்டிகள் தெருமுனையில் வரிசையாக நிற்கும். வாசற்படியில் உட்கார்ந்து அவற்றின் மேலிருக்கும் பெட்டிகளின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அலுத்துப்போனால் உள்ளே வந்து பீரோவைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட கவர்க் கட்டை எடுத்து, ஒவ்வொன்றாக அம்மாவின் பெயரை வாசிப்பேன். எல்லாவற்றிலும் ஒரே பெயர்தான். ஆனாலும் கடைசிக் கவர் வரைக்கும் வாசிப்பேன்.

எங்கள் வீடு நான்கு போர்ஷன் கொண்டது. எதிர்ப் போர்ஷனில் ஒரு முஸ்லிம் குடும்பம். பாய் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் இருந்தார். அவர் மனைவியை நான் பாயம்மா என்று கூப்பிடுவேன். அவர் துணி காயப்போட வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாடி கண்ணு, தனியா குந்திகினு கீறே? உள்ள வா, சேமியா கீது" என்பார். நான் போக மாட்டேன். அம்மாவின் போன் வந்தாலும் வரும் என்று சொல்லுவேன். போன் நைனாவின் சட்டைப் பையில் சாத்தாங்காட்டில் இருந்தது என்பது பாயம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் வருடம் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பேசினாள். வெள்ளி அங்கே விடுமுறை. நைனாவும் அன்றைக்கு சீக்கிரம் வந்துவிடுவார். இரண்டாவது வருடம் அது மாதத்துக்கு ஒரு முறையாகி, பிறகு அதுவும் நின்றது. கேட்டால் நைனா, "உங்கம்மாவுக்கு நைட் டூட்டி போட்டுட்டாங்கோ. நீ தூங்கினப்பறம் பேசினா. உன்னிய நல்லா படிக்கச் சொன்னா" என்பார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எடை போடுகிறவர் ஆயிற்றே.

ஆகஸ்டில் என் பிறந்தநாளுக்கு அம்மாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் யாரோ ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார்களாம். பச்சை ஃபிராக், தங்கத்தாள் சுற்றிய சாக்லேட், வெளிநாட்டு சோப்பு ஒன்று. சாக்லேட்டைத் தின்றேன். ஃபிராக்கைப் போட்டேன், அளவு கச்சிதமாக இருந்தது. இரண்டு வருடமாக என்னைப் பார்க்காமலேயே அம்மா எப்படி இவ்வளவு சரியாக அளவு சொன்னாள் என்று பாயம்மாவிடம் பெருமையடித்தேன். பாயம்மா ஃபிராக்கின் பின்பக்க ஹூக்கைப் போட்டுவிட்டார். சோப்பை மட்டும் நான் பிரிக்கவில்லை. தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டேன். அம்மாவின் கை இப்போது இந்த வாசனைதான் வீசும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

நவம்பர் மாத முதல் ஞாயிறு நல்ல மழை. நைனா நாற்காலி போட முன்னாலேயே போய்விட்டதால் நான் தனியாக நடந்து போனேன். கவரை ஃபிராக்குக்குள் வைத்து மறைத்தும் நனைந்துவிட்டது. இரும்புக் கடைப் படிக்கட்டில் நின்று எடுத்துப் பார்த்தபோது பசை விட்டு மூடி திறந்திருந்தது. ஒட்டலாம் என்று விரலை உள்ளே விட்டேன். உள்ளே பணம் இல்லை. நான்காக மடித்த ரோஸ் நிற எடைச் சீட்டு இருந்தது. காலி வண்டிக்குப் போடுகிற சீட்டு.

வேறு ஏதாவது ஒரு தாளாக இருந்திருந்தால்கூட நான் யோசித்திருப்பேன். அந்த ரோஸ் தாளில்தான் நான் கணக்குப் போட்டுப் பழகியிருந்தேன், படம் வரைந்திருந்தேன். எங்கள் வீட்டில் அதைக் கொண்டுவருகிறவர் ஒருவர்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கண்விழித்து அனுப்பும் கர்த்தருடைய பங்கை நைனா எடுத்துக்கொண்டு, கவர் கெட்டியாகத் தெரிய வேண்டும் என்று சீட்டை மடித்து வைத்திருக்கிறார். ஆனாலும் மேலே போய் வரிசையில் நின்று அதை அப்படியே பெட்டியில் போட்டுவிட்டேன். போட்டதால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு வந்துவிட்டது என்பது பாயில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அந்த மாதம் முழுவதும் நான் பயந்து செத்தேன். போதாததற்கு ஞாயிறு பள்ளி அக்கா அப்போது பார்த்து, காணிக்கைப் பணத்தில் ஒரு பகுதியை ஒளித்துவைத்த கணவனும் மனைவியும் ஒருவர்பின் ஒருவராக விழுந்து செத்த கதையைச் சொன்னார். பச்சைத் துணி போர்த்திய பலகையில் அந்த இரண்டு படங்களையும் ஒட்டி, பிறகு படுக்கைவாட்டில் திருப்பி ஒட்டினார். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு நைனாவின் முகம்தான் தெரிந்தது. அவர் சோறு சாப்பிடும்போது விக்கல் எடுத்தால் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவேன்.

கர்த்தரும் ஓர் எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதாகத்தான் அந்த வயதில் நான் நம்பியிருந்தேன். இந்தப் பக்கம் ஒரு பங்கு வைத்தால் அந்தப் பக்கம் அவர் ஒன்றை இறக்குவார். வைக்கவில்லையென்றால் இறக்க மாட்டார். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை என்று இப்போது சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை நைனாவிடம், அம்மா எந்தத் தேதிக்கு வருகிறாள் என்று கேட்டேன். அவர் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்தது. பிறகு அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "லீவு குடுக்கலியாம்மா. இந்த தபா வர முடியாதாம்" என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கவரில் பணம் இல்லை. அதனால் அம்மா வரவில்லை. இவர் எடுத்தார், அவள் வரவில்லை. இதற்குமேல் எடை போட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

டிசம்பர் முதல் ஞாயிறு கவரை வாங்கிக்கொண்டேன். தடவிப் பார்த்தேன். நான்காக மடித்த அதே கெட்டி. அன்றைக்குத் திருவிருந்து இருந்ததால் நைனா வழக்கம்போல காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பியிருந்தார்.

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். அந்த மாதம் கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக வந்து மைக்கில் சொல்லுவார்கள். ஒருவருக்கு முதுகுவலி போயிருக்கும், ஒருவர் மகனுக்கு பெயிலில் விடுதலை கிடைத்திருக்கும். அன்றைக்கு இரண்டு பேர் சொல்லி முடித்ததும் நான் எழுந்து போனேன். மனப்பாட வசனம் சொல்ல வருகிறேன் என்று நினைத்து பாஸ்டர் சிரித்துக்கொண்டே மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்.

"எங்க நைனா கர்த்தரோட துட்ட எடுத்துகினாரு" என்றேன். மைக் இரைந்தது. கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி சொன்னேன். "அம்மா அனுப்புற துட்ட எடுத்துகினு கவர்ல எடைச் சீட்டு வைக்கிறாரு. அதான் எங்கம்மா வர்ல. எல்லாரும் எங்க நைனாவுக்காக ஜெபம் பண்ணுங்கோ. அவரு சாவக் கூடாது."

சொல்லிவிட்டு, கையிலிருந்த கவரைக் கிழித்து ரோஸ் சீட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன்.

கீபோர்டு நின்றுவிட்டது. அன்றைக்குப் பார்த்துக் கீழே ஒரு கம்பிகூட விழவில்லை. பாஸ்டர் அந்தச் சீட்டைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. மாதாமாதம் பெட்டியைத் திறக்கிறவர் அவர்தான் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஆண்கள் பக்கம் பார்த்து, "பிரதர், கொயந்த ஏதோ தெரியாம பேசுது. நீங்க குந்துங்க, அப்பால பேசிக்கலாம்" என்றார்.

நைனா எழுந்து நின்றிருந்தார். கடைசி வரிசை. அவர் போட்ட நாற்காலி ஒன்றின் முதுகைப் பிடித்திருந்தார். முதலில் பாஸ்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன். அதனால் அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"கொயந்த பொய் சொல்லாது பாஸ்டர்" என்ற அவர் குரல் மட்டும் கேட்டது. "நான்தான் எடுத்தேன். செலவாய்ட்ச்சு."

அதன் பிறகு அவரை முன்னால் அழைத்து முழங்காலில் நிற்கவைத்தார்கள். மூப்பர்கள் தலையில் கை வைத்தார்கள், பெண்கள் பக்கம் அழுதார்கள். சிலர் வாழ்க்கையில் முதல் முறையாக நைனாவை உற்றுப் பார்த்தார்கள். பொருளாசையின் ஆவி அவரை விட்டு நீங்க வேண்டும் என்று எல்லோரும் உரத்த சத்தமாக ஜெபித்தார்கள். அதிகச் சத்தம் என்னுடையது. அப்பமும் திராட்சை ரசமும் வந்தபோது நைனா எதையும் எடுக்காமல் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டார். எனக்கு மனது அப்படியே லேசாகிவிட்டது. அவர் சாக மாட்டார், அம்மா வந்துவிடுவாள்.

கிறிஸ்துமஸ் விழாவில் எனக்கு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். சத்தியத்துக்கு சாட்சியாக நின்ற பிள்ளை என்று ஞாயிறு பள்ளி அக்கா சொன்னார். நைனா அதைப் பார்க்கவில்லை. அவர் நாற்காலி போடும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் அவருக்குத் தண்டனை என்று பேச்சு. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் நைனா மேலே ஏறவில்லை. ஞாயிறுதோறும் என்னைப் படிக்கட்டு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, இரும்புக் கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடிந்து நான் இறங்கி வந்தால் எழுந்து பேண்ட்டின் பின்பக்கத்தைத் தட்டிக்கொள்வார். நான் மேலே எண்பது பேருக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னோடு முன்போலப் பேசவில்லை. திருடன் மகளோடு என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

ஒரு மாற்றம் மட்டும் நடந்தது. ஜனவரியிலிருந்து கவரில் பணம் இருந்தது. ஒவ்வொரு மாதமும் நான் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவேன், நைனாவும் அதற்காகவே கவரை ஒட்டாமல் கொடுப்பார். பழைய நோட்டுகள், எண்ணெய்க் கறை படிந்தவை, சில நேரம் பத்து ரூபாய்த் தாள்களாகவே ஒரு கத்தை. மனந்திரும்பிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அம்மா அந்த வருடமும் வரவில்லை. பன்னிரண்டு மாதத்தில் அவள் பெயர் எழுதிய கவர் முடிந்துபோனது. இனி அங்கேயே ஒரு சபையில் கொடுத்துக்கொள்கிறாளாம் என்றார் நைனா. நம்பினேன். கொஞ்ச நாளில், அம்மாவைப் பற்றிக் கேட்பதை எந்த நாளில் நிறுத்தினேன் என்பதும் எனக்கு மறந்துவிட்டது.

இருபத்தொரு வயதில் நானும் நர்சிங் முடித்தேன். நைனா படிக்கவைத்தார். ஓர் ஏஜென்ட் மூலம் குவைத்தில் வேலை வந்தது. நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவர் தலை நிமிராமல், "வேற எங்கனா போம்மா. குவைத்து வோணாம்" என்றார். ஏன் என்றேன், அடுத்த கவளத்தைப் பிசைந்தார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. அம்மா அனுப்பிய காசைத் திருடித் தின்ற நீ எனக்கு வழி சொல்கிறாயா என்று கேட்டுவிட்டேன். ஒருமையில்தான் கேட்டேன். அவர் தட்டிலிருந்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

எதிர்ப் போர்ஷனில் எல்லாம் கேட்டிருக்கிறது. பாயம்மா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு வேகமாக வந்தார். வாசலில் நின்றபடியே, "ஏன்டி, இன்னா வார்த்த பேசின நீ?" என்றார். "அந்த மனுசன் இத்தினி வருசம் வாயத் தொறக்காம கீறாருன்னா, நானும் தொறக்கக் கூடாதா?"

அவர் சொல்லித்தான் தெரிந்தது. அம்மா போன இரண்டாவது வருடம் மார்ச் மாதத்தோடு பணம் வருவது நின்றுவிட்டது. அவளுக்கு அங்கே வேறொரு துணை கிடைத்திருந்தது. இனி போன் செய்ய வேண்டாம் என்று நைனாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள். சபையில் எண்பது பேரில் ஒருவரிடமும் சொல்ல முடியாத அதை நைனா எதிர்ப் போர்ஷன் பாயிடம் சொல்லி அழுதிருக்கிறார். பிள்ளைக்கு மட்டும் தெரியவேண்டாம், கவர் போகாவிட்டால் அவள் கேட்பாள் என்று, மாதாமாதம் எடைச் சீட்டை மடித்து வைத்தவர், அந்த ஞாயிறுக்குப் பிறகு, வராத சம்பளத்துக்குத் தன் இரண்டாவது ஷிப்ட் கூலியிலிருந்து பன்னிரண்டு மாதம் தசமபாகம் கட்டியிருக்கிறார்.

"அந்தப் பச்ச கவுனு?" என்று பாயம்மா என் தலையில் கை வைத்தார். "நான்தான்டி ஃபாரின் சாமான் விக்கிற பர்மா பஜாருக்குக் கூடப் போயி எடுத்தேன். அளவு தெரியாம பேந்தப் பேந்த முயிச்சிகினு நின்னாரு உங்க நைனா. சோப்ப மட்டும் அவரேதான் பொறுக்கினாரு, பத்து சோப்ப மோந்து பாத்து."

அன்று நைனா திரும்பி வந்தார். ரசம் இருக்கிறதா என்று கேட்டார், ஊற்றினேன். மன்னிப்புக் கேட்கத்தான் அருகில் போய் நின்றேன். அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன். குவைத்துக்கு நான் போகவில்லை, ராயபுரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டேன். அதை மன்னிப்பாக அவர் எடுத்துக்கொண்டாரா, தெரியாது. இன்றைக்கும் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் இப்போதும் சபைக்குப் போகிறேன், கடைசி வரிசையில் உட்காருகிறேன், கவர் கொடுத்தால் வாங்குவதில்லை. கையில் இருப்பதைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுவேன். அதற்குப் பதிலாக எதையும் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

சில நேரம் டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்த டிசம்பர் ஞாயிறுதான் நினைவுக்கு வரும். ஜெபம் எல்லாம் முடிந்து நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். யாரும் எங்களோடு சேர்ந்து வரவில்லை. டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருந்தன. நைனா தலையைக் குனிந்தபடி நடந்தார். எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

"கர்த்தரு உன்னிய மன்னிச்சுட்டாரா நைனா?" என்று கேட்டேன்.

"தெர்லியேம்மா" என்றார். பிறகு, "நீ மன்னிச்சுட்டியா?" என்றார்.

"நான் மன்னிச்சுட்டேன்" என்றேன், பெரிய மனது பண்ணி.

"அப்ப சரி" என்றார் நைனா.

நெடுஞ்சாலையைத் தாண்டுவதற்காக என் கையைப் பிடித்துக்கொண்டார். தாண்டிய பிறகும் விடவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத கிறுகிறுப்பில் பிடித்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.